ஒரு எழுத்துக்கு ரெண்டு கையெழுத்து

வலைப்பக்கம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு லிங்க். தட்டுகிறீர்கள். அடுத்த பக்கம் வருகிறது. அந்த ஒரு நொடியில் உங்கள் பிரவுசர், 'சார் இன்ன இடத்திலிருந்து வருகிறார்' என்று போகிற இடத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்புவது வழக்கம். அந்தச் சீட்டின் தலைப்பிலேயே ஓர் எழுத்துப்பிழை!

சத்தியமாகத்தான் சொல்கிறேன். சீட்டின் பெயர் 'ரெஃபரர்'. இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் ரெண்டு 'ஆர்' வரவேண்டும். ஒன்றுதான் இருக்கிறது. யோசனையை எழுதிக் கொடுத்தவர் ஒரு 'ஆரை' முழுங்கிவிட்டார். 1996 மே மாதம் வெளியான ஹெச்.டி.டி.பி. விதிமுறை ஆவணத்திலும் அது அப்படியே ஏறிவிட்டது. அதற்குள் உலகம் முழுக்க புரோகிராம்கள் அந்தத் தப்பான ஸ்பெல்லிங்கையே நம்பிக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டன. 1999இல் வந்த பதிப்பில், 'எழுத்துப்பிழைதான், தெரியும்' என்று ஒத்துக்கொண்டார்களே தவிர, திருத்தவில்லை. திருத்த முடியவில்லை. பின்னாளில் இதே விஷயத்துக்காக வந்த இன்னொரு தலைப்பில் மட்டும் ரெண்டு 'ஆர்' போட்டார்கள். ஆக, இன்றைக்கும் அண்ணன் தப்பு ஸ்பெல்லிங்கோடும் தம்பி சரியான ஸ்பெல்லிங்கோடும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள்.

எழுத்துப்பிழை என்பது வாடகைக்கு வந்த ஆள் மாதிரி. வாசலிலேயே பார்த்து விசாரிக்க வேண்டும். ரேஷன் கார்டு வாங்கிவிட்டால் அப்புறம் கிளப்புவது கஷ்டம்.

அப்படி வாசலில் உட்கார்ந்து விசாரிக்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

லினக்ஸ் மாதிரியான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் புரோகிராமை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். அதோடு வருகிற கையேட்டையும்தான். இதை 'டாகுமென்டேஷன்' என்பார்கள். எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளைக்கு என்ன அர்த்தம், தகராறு வந்தால் எங்கே தட்டுவது எல்லாம் அதில் இருக்கும். இன்ஜினீயர்கள் எழுதுவது. ஆகவே பிழைகளும் தாராளமாக இருக்கும்.

படிக்கிற புண்ணியவான் ஒருவர் பிழையைப் பார்க்கிறார். திருத்தி, 'பழசு இது, புதுசு இது' என்று ஒரு துண்டு அனுப்புகிறார். இதற்கு 'பேட்ச்' என்று பெயர். டெய்லர் போடுகிற ஒட்டு மாதிரி. அது நேரே போய் ஒட்டிக்கொள்ளாது. மெயின்டெய்னர் என்று ஒருவர் இருப்பார். அவர் பார்த்து 'சரி' என்றால்தான் ஒட்டும்.

நான் பி.காம். ஆசாமி. எனக்கு இதைப் பார்த்தால் பெட்டி கேஷ் வவுச்சர் ஞாபகம்தான் வரும். பத்து ரூபாய் டீச் செலவாக இருந்தாலும் எழுதியவர் ஒரு கையெழுத்து, பாஸ் பண்ணியவர் ஒரு கையெழுத்து. லினக்ஸ் கெர்னலிலும் அச்சு அசல் இதேதான். ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அனுப்பியவர் தன் பெயரில் ஒப்பமிட வேண்டும். சேர்த்துக்கொள்கிற மெயின்டெய்னரும் அதன் கீழே ஒப்பமிட வேண்டும். 2003இல் 'எங்கள் சரக்கை லினக்ஸில் நுழைத்துவிட்டார்கள்' என்று எஸ்.சி.ஓ. என்ற கம்பெனி ஐ.பி.எம். மீது கேஸ் போட்டது. 'எந்த வரி யார் மூலம் உள்ளே வந்தது?' என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே? 2004இல் இந்த ஒப்ப முறையைக் கொண்டுவந்தார்கள்.

இது தவிர 'நான் பரிசீலித்தேன்' என்று மூன்றாவது ஆள் தன் பெயரைப் போடுகிற வழக்கமும் உண்டு. அதன் அர்த்தத்தையும் கெர்னல் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால்: நான் பார்த்தேன், சந்தேகம் இருந்ததைக் கேட்டுவிட்டேன், சேர்க்கத் தகுந்தது என்று நினைக்கிறேன், ஆனால் உத்தரவாதம் தரவில்லை. ஆடிட்டர் ரிப்போர்ட் படித்த யாருக்கும் இந்த ராகம் பழக்கமானதுதான்.

சில்லறைத் திருத்தங்களுக்கென்றே கெர்னலில் பல வருஷம் ஒரு தனி கவுன்ட்டர் இருந்தது. அதை நடத்தியவரின் பட்டப் பெயர் 'டிரிவியல் பேட்ச் மங்கி'. அதாவது, சில்லறைப் பேட்ச் குரங்கு. அங்கே போகத் தகுதியான சரக்குப் பட்டியலில் முதலில் நின்றது எது தெரியுமா? கையேட்டில் எழுத்துப்பிழை.

*

"ஏன் சார், ஸ்பெல்லிங் தப்பு. ஒருத்தன் திருத்தியிருக்கான். டிக்ஷனரியைப் பார்த்து டிக் அடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு ரிவ்யூ என்ன, கிவ்யூ என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். பரிசீலிக்க உட்காருகிறவர் கேட்கிற கேள்விகளையும் கேளுங்கள்.

ஒன்று: அது பிழைதானா? யூனிக்ஸில் ஃபைல் ஒன்றைப் புதிதாக உருவாக்க ஒரு கட்டளை இருக்கிறது. 'கிரியேட்' என்று எழுதி, கடைசி 'இ'யை விட்டுவிட வேண்டும். அதுதான் அதன் பெயர். 'யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள்?' என்று அதை உருவாக்கிய கென் தாம்ப்ஸனைக் கேட்டபோது, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்று சொன்னாராம். உற்சாகப் பேர்வழி ஒருவர் கையேட்டில் 'இ'யைச் சேர்த்துத் 'திருத்தி'விட்டால்? இங்கிலீஷ் வாத்தியார் சந்தோஷப்படுவார். அதைப் பார்த்து டைப் அடிக்கிற மாணவனின் புரோகிராம் ஓடாது.

முதலில் சொன்ன ஒற்றை 'ஆர்' சீட்டும் அப்படித்தான். வலைத்தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பதிவு செய்ய, சர்வரில் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். கையேட்டில் அதை ரெண்டு 'ஆராக' மாற்றினால், காப்பியடித்துப் போட்டவரின் பதிவேட்டில் அந்த இடத்தில் வெறும் கோடுதான் விழும். பிரவுசர் அனுப்புகிற சீட்டின் பெயர் வேறு, சர்வர் தேடுகிற பெயர் வேறு!

இரண்டு: அது மேற்கோளா? புரோகிராம் திரையில் காட்டுகிற எச்சரிக்கையிலேயே ஒரு பிழை இருக்கும். கையேடு அதை உள்ளது உள்ளபடி எடுத்துப் போட்டிருக்கும். கையேட்டை மட்டும் திருத்தினால், திரையில் பார்த்ததை அப்படியே போட்டுத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. திருத்துவதென்றால் ரெண்டு இடத்திலும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

மூன்று: எந்த இடத்தில் திருத்தியிருக்கிறார்? பல கையேடுகள் புரோகிராமுக்குள் எழுதியிருக்கும் குறிப்புகளிலிருந்து தானாகத் தயாராகிறவை. தயாரான பக்கத்தில் திருத்தினால், அடுத்த முறை தயாராகும்போது பழைய பிழை ஜம்மென்று திரும்பி வந்துவிடும். லெட்ஜரில் மட்டும் அடித்துத் திருத்திவிட்டு, ஜர்னலை அப்படியே விட்ட கதை.

நான்கு: அது தலைப்பா? பல இடங்களில் தலைப்பின் எழுத்துக்களிலிருந்துதான் அந்தப் பகுதியின் முகவரி உருவாகிறது. தலைப்பில் ஒரு எழுத்து மாறினால் முகவரி மாறும். ஏற்கெனவே அந்த முகவரியைக் கொடுத்து வைத்த அத்தனை பேரும் வேறு இடத்தில் போய் நிற்பார்கள்.

ஐந்து: இது பிழையா, ஊர் வழக்கமா? 'கலர்' என்பதில் பிரிட்டிஷ்காரர் 'யு' போடுவார், அமெரிக்கர் போடமாட்டார். ரெண்டும் சரி. ஒருவர் 'யு'வைப் பிடுங்கி பேட்ச் அனுப்புவார். இன்னொருவர் திரும்ப நட்டு அனுப்புவார். வலைப்பக்கங்களுக்கு நிறம் சொல்கிற சி.எஸ்.எஸ்.ஸில் சாம்பல் நிறத்தை 'ஏ' போட்டும் எழுதலாம், 'இ' போட்டும் எழுதலாம் என்று விட்டுவிட்டார்கள். புத்திசாலிகள்.

பிழை கண்டுபிடிக்க மெஷின் இல்லையா? இருக்கிறது. கெர்னலிலேயே அடிக்கடி வருகிற பிழைகளையும் சரியான ஸ்பெல்லிங்கையும் ஜோடி ஜோடியாக எழுதி ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பேட்ச்சைச் சோதிக்கிற புரோகிராம் அதைப் பார்த்து 'இங்கே சந்தேகம்' என்று கை காட்டும். 'கோட்ஸ்பெல்' என்று இதற்கென்றே ஒரு கருவியும் உண்டு. ஆனால் கை காட்டுவதோடு மெஷினின் வேலை முடிந்தது. மேலே சொன்ன ஐந்து கேள்விக்கும் பதில் சொல்ல ஒரு மனுஷன் வேண்டும்.

*

இனி நம்மைத் தொடுகிற சங்கதிக்கு வருகிறேன். நோம், கே.டி.இ. போன்ற லினக்ஸ் திரைகளைத் தமிழிலும் பார்க்கலாம். தன்னார்வலர்கள் வரி வரியாக மொழிபெயர்த்தது. இதன் பின்னால் 'கெட்டெக்ஸ்ட்' என்று ஒரு ஏற்பாடு வேலை செய்கிறது. இங்கிலீஷ் வாக்கியம்தான் சாவி. தமிழ் வாக்கியம் பெட்டிக்குள் இருக்கிற பொருள்.

இப்போது உலகத்தின் ஒரு மூலையில் ஒருவர் இங்கிலீஷ் வாக்கியத்தில் ஒரு எழுத்தைத் திருத்துகிறார். நல்ல திருத்தம்தான். ஆனால் சாவி மாறிவிட்டது! பழைய தமிழ் வாக்கியத்தின் மேல் 'சந்தேகத்துக்குரியது' என்று முத்திரை விழும். மொழிபெயர்ப்பாளர் வந்து பார்த்து முத்திரையை எடுக்கும்வரை திரையில் தமிழ் வராது, இங்கிலீஷ்தான் வரும். தமிழுக்கு மட்டுமில்லை, அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்து வைத்திருக்கும் எல்லா மொழிக்கும் இதே கதி. அங்கே ஒரு எழுத்து, இங்கே ஒரு முழு வாக்கியம் காலி.

இதற்கும் மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். 'மூலத்தில் வெறும் எழுத்துப்பிழைதான் திருத்தியிருக்கிறது, அர்த்தம் மாறவில்லை' என்று சொல்லி மொழிபெயர்ப்புகளைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு சின்ன கருவி உண்டு. ஆனால் அர்த்தம் மாறவில்லை என்று சொல்லவேண்டியது யார்? பரிசீலிக்கிறவர்தான். மறுபடியும் அதே மனுஷன்.

*

இந்த மனுஷர் யார்? பெரிய திட்டங்களில் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து உட்கார வைத்த ஆட்கள் உண்டு. சின்னத் திட்டங்களில் பெரும்பாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொந்த நேரத்தில் உட்காருகிற ஒற்றை ஆள். இவரிடம் இருக்கிற ஒரே மூலதனம் கவனம். அதற்கும் டெப்ரிசியேஷன் உண்டு.

2020 அக்டோபரில் அதை ஒரு டி-ஷர்ட் சாப்பிட்டது. டிஜிட்டல் ஓஷன் என்ற கம்பெனி 2014இலிருந்து அக்டோபர்தோறும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்று ஒரு விழா நடத்துகிறது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு நாலு திருத்தம் அனுப்பு, டி-ஷர்ட் வாங்கு. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் இலவசம் என்றால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? கையேட்டின் முதல் பக்கத்தில் 'அருமையான திட்டம்' என்று ரெண்டு வார்த்தை சேர்த்தார்கள். சரியாக இருந்த வாக்கியத்தைத் தப்பாக்கினார்கள். அதையே திருத்தம் என்று அனுப்பினார்கள். மெயின்டெய்னர்கள் காலையில் எழுந்து பார்த்தால் குப்பை மலை. ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, மூட வேண்டும். கூச்சல் கிளம்பியதும், அந்த மாதம் முடிவதற்குள்ளேயே 'இஷ்டப்பட்டுச் சேருகிற திட்டங்கள் மட்டும்தான் இனிக் கணக்கு' என்று விதியை மாற்றினார்கள். 2023இல் டி-ஷர்ட்டுக்குப் பதில் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்கிற பரிசு என்றார்கள்.

ஒரு திருத்தம் அனுப்ப ஒரு நிமிஷம். படித்து மறுக்க அஞ்சு நிமிஷம். இந்தக் கணக்கில் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல பி.காம். தேவையில்லை.

*

சரி, களைத்துப்போன மெயின்டெய்னர் கண்ணை மூடிக்கொண்டு 'ஓ.கே.' என்று போட்டால்தான் என்ன? ஒரு எழுத்துதானே?

எழுத்துகூட வேண்டாம். ஒரு புள்ளி போதும்.

'எக்ஸ்.இஸட்.' என்று ஒரு மென்பொருள். ஃபைல்களைச் சுருக்கித் தருவது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் எங்கும் இருப்பது. பல வருஷமாக ஒருவர் தனி ஆளாக, சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒரு ஆசாமி வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள், பணிவான கடிதங்கள். ரெண்டு வருஷத்துக்குள் நம்பிக்கையைச் சம்பாதித்து, கூட்டு மெயின்டெய்னராகவே ஆகிவிட்டார். இன்றுவரை அவர் யார் என்று வெளியே தெரியவில்லை.

2024 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட பதிப்பில் ஒரு பின்வாசல் ஒளிந்திருந்தது. கள்ளச்சாவி வைத்திருப்பவர் ஊரான் வீட்டு சர்வருக்குள் நுழையலாம். அதே சமயத்தில் வேறொரு வேலையும் செய்தார். எக்ஸ்.இஸட்.டுக்குக் கடிவாளம் போடுகிற ஒரு பாதுகாப்பு வசதி இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு துண்டு புரோகிராம் உண்டு. அதில், ஒரு வரியின் ஆரம்பத்தில், தனியாக ஒரு முற்றுப்புள்ளி! அந்தப் புள்ளியால் சோதனை எப்போதுமே தோற்கும். தோற்றால் 'வசதி இல்லை போலிருக்கிறது' என்று கடிவாளம் கழன்றுவிடும். தூசி என்று நினைத்துத் திரையைத் துடைத்திருப்போம், அவ்வளவு சின்னப் புள்ளி.

பின்வாசலைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினீயர். சர்வரில் லாகின் செய்வது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று குடைய ஆரம்பித்து, 2024 மார்ச் 29 அன்று ஊரைக் கூட்டினார். அந்த அரை நொடியை அவர் அலட்சியம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க வயிற்றைக் கலக்குகிறது. புள்ளி அதன் பிறகுதான் அகப்பட்டது.

'இது புரோகிராம் சமாச்சாரம், கையேடு இல்லையே?' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ஒரு புள்ளி, ஒரு எழுத்து என்று வருகிறதை எல்லாம் 'சில்லறைதானே' என்று பாஸ் பண்ணிப் பழகிய கண்தான் அடுத்த ஃபைலையும் பார்க்கிறது. கையேட்டைக் கவனமாகப் படிக்கிறவர் வெறும் இலக்கணம் பார்க்கவில்லை. வாசலில் நிற்கிற பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்.

கண்ணை நம்ப முடியாது என்பதற்குத் தமிழிலேயே சாட்சி உண்டு. 'அவர்' என்பதில் 'ர்' போடவேண்டிய இடத்தில், துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைத்து டைப் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டரில் 'அவர்' என்று தேடினால் அது மட்டும் அகப்படாது. அதனால்தான் விவரமான ரிவ்யூகாரர்கள் முழு வரியைப் பார்க்காமல், வார்த்தை வார்த்தையாக மாறியதை மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள். 'கிட்' என்ற மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது.

*

அதற்காக, வருகிறவனை எல்லாம் திருடன் மாதிரி பார்க்கலாமா? கூடாது. இதுதான் இந்த உத்தியோகத்தின் கஷ்டமே. உருப்படியாக புரோகிராம் எழுதுகிற பலர் முதன்முதலில் உள்ளே வந்தது ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தித்தான். அன்றைக்கு யாராவது 'போய்யா, வேலையைப் பாரு' என்றிருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள். வாசலில் நிற்கிறவர் ஒரே சமயத்தில் வாட்ச்மேனாகவும் இருக்க வேண்டும், 'வாங்க வாங்க' என்கிற கல்யாண வீட்டு மாமாவாகவும் இருக்க வேண்டும்.

மாமாக்களில் சிறந்த மாமா டொனால்ட் கனூத். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் பெரியவர். தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்து முதலில் எழுதுகிறவருக்கு 2 டாலர் 56 சென்ட். அச்சுப்பிழைக்கும் உண்டு. (256 கம்ப்யூட்டர்காரர்களின் ராசி எண்.) செக் வாங்கியவர்களில் பலர் பாங்க்கில் போடாமல் ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டார்கள். பாங்க் ரீகன்சிலியேஷன் எழுதுகிறவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது! செக் மோசடி பயத்தால் 2008 முதல் நிஜ செக்கை நிறுத்திவிட்டு, ஒரு கற்பனை பாங்க்கின் சான்றிதழ் தருகிறார். அதற்கும் மவுசு குறையவில்லை. ஒரு எழுத்தைப் படித்தவரை ஒருவர் மதித்தார் என்பதற்கு அது அத்தாட்சி.

ஆபீஸ் முடிந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, எதையாவது பிரயோஜனமாகச் செய்ய ஆசைப்படுகிற இளைஞரா நீங்கள்? தாராளமாக இதில் இறங்கலாம். ஒரு ஃபைலில் இருக்கிற பிழைகளை எல்லாம் ஒரே பேட்ச்சில் கட்டி அனுப்புங்கள். எழுத்துக்கு ஒன்றாக அனுப்பி எண்ணிக்கை காட்டாதீர்கள். திருத்தத்தோடு அலங்காரத்தையும் கலக்காதீர்கள். கட்டளை, பெயர், மேற்கோள் ஆகியவற்றில் கை வைக்கும் முன் ரெண்டு தடவை யோசியுங்கள். ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதைவிட நல்ல காரியம் ஒன்று இருக்கிறது: அடுத்தவர் அனுப்பியதைப் படித்து, 'நானும் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று சொல்வது. திருத்தம் அனுப்புகிறவர்கள் ஏராளம். படித்துப் பார்க்கத்தான் ஆள் பஞ்சம்.

அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று மறுநாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். 'நன்றி, சேர்த்தாயிற்று' என்று வர ஒரு வாரம்கூட ஆகலாம். எங்கோ ஒருவர், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, உங்களுடைய அந்த ஒரே ஒரு எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.